கல்லாறு வருவதற்குள் பாட்டு கிடைக்க வேண்டும்: கார் செட்டில் ஐபாடும் பென்டிரைவும்

மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் ஏறும் சாலையில், கல்லாறு தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கிவிடும். மொத்தம் 14. முதல் வளைவை நெருங்கும்போது பின் சீட்டில் இருந்து சித்தப்பா கேட்டார்: “ஏன் கண்ணு, அந்தப் பழைய பாட்டு இருக்குதா?” எந்தப் பழைய பாட்டு என்று அவருக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பல்லவியில் பாதியை முணுமுணுத்துக் காட்டினார். “இருக்குதுங்க சித்தப்பா” என்று சொல்லிவிட்டு ஒரு கையில் ஸ்டீயரிங்கும் இன்னொரு கையில் செட்டின் திருகுமாக, அதோடு இணைத்திருந்த ஐபாடில் (ஆப்பிளின் பாட்டுக் கருவி) ஆறாயிரம் பாட்டு உள்ள பட்டியலைத் திருக ஆரம்பித்தேன். ஆங்கில எழுத்து வரிசையில் ‘எம்’ வருவதற்குள், எதிரே ஒரு பஸ் வளைவு முழுவதையும் அடைத்துக்கொண்டு இறங்கி வந்தது. பிரேக்கை மிதித்த மிதியில் ஐபாடு டேஷ்போர்டில் இருந்து உருண்டு என் காலடியில் விழுந்தது. பிரேக் பெடலுக்குக் கீழே போகாமல் பக்கத்தில் நின்றது எங்கள் நல்ல காலம்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் உட்கார்ந்து யோசித்ததுதான் இந்தக் கட்டுரை. பாட்டைத் தேடுகிற வேலை வீட்டில் முடிந்திருக்க வேண்டும். வண்டியில் மிச்சம் இருக்க வேண்டியது மூன்று பட்டன் வேலைதான். அடுத்த பாட்டு, அடுத்த ஃபோல்டர், சத்தம் குறைப்பது. நீலகிரிக்குப் புதிதாக வேலைக்கு வந்து, பழைய கார் ஒன்றை வாங்கி, அதில் இருக்கும் பழைய செட்டோடு மல்லுக்கட்டுகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

போன் இருக்கும்போது எதற்கு ஐபாடு, பென்டிரைவு என்று கேட்பீர்கள். இரண்டு தடவை ஏறி இறங்கினால் தெரிந்துவிடும். மலைப்பாதையில் ஒரு திருப்பத்தில் நான்கு கோடு காட்டும் சிக்னல், அடுத்த திருப்பத்தில் காணாமல் போகும். இணையத்தில் இருந்து ஓடும் பாட்டு பாதிச் சரணத்தில் நின்று, வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். எஃப்.எம். அலைகளோ ஏறத்தாழ நேர்கோட்டில் போகிறவை. குறுக்கே மலை வந்தால் கரகரப்புதான். நம் பாட்டு நம்மிடமே இருப்பது இந்த ஊரில் வசதி.

<b>முதலில், உங்கள் செட் எதைப் புரிந்துகொள்ளும் என்று பாருங்கள்</b>

பாட்டுக் கருவியைக் கார் செட்டோடு சேர்க்க நான்கு வழிகள் உண்டு. எந்த வழி என்பதைப் பொறுத்துத்தான், செட்டில் இருந்தே பாட்டைத் தேட முடியுமா, இல்லை சத்தம் மட்டும்தான் வருமா என்பது இருக்கிறது. பலரும் இதைப் பார்க்காமலே “செட்டில் பாட்டுப் பெயரே வரவில்லை” என்று குறைப்படுகிறார்கள்.

ஆக்ஸ் என்று எழுதிய சின்ன வட்டத் துளை இருந்தால், ஹெட்போன் முனை போன்ற 3.5 மில்லிமீட்டர் ஒயரால் இணைக்கலாம். இதில் போவது சத்தம் மட்டுமே. பாட்டின் பெயர் செட்டில் தெரியாது, செட்டின் பட்டனை அழுத்தினால் பாட்டும் மாறாது. எல்லாவற்றையும் ஐபாடைக் கையில் எடுத்துத்தான் செய்ய வேண்டும். ஓட்டுபவர் தனியாகப் போகும்போது மலைப்பாதைக்கு இது ஆகாது. பக்கத்து சீட்டில் ஆள் இருந்தால் பரவாயில்லை. ஆக்ஸில் ஒரு தொல்லையும் உண்டு. ஐபாடைக் காரின் சார்ஜர் துளையிலும் சொருகி, ஆக்ஸிலும் சொருகினால், எஞ்சின் வேகத்துக்கு ஏற்றபடி ஏறி இறங்கும் ஒரு கீச்சுச் சத்தம் ஸ்பீக்கரில் வரும். எஞ்சினோடு சுழன்று வண்டிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரில் இருந்து வருவது அது. சமவெளியில் டாப் கியரில் போகும்போது பெரிதாகத் தெரியாது. இங்கே இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டு ஏறும்போது காதைக் குடையும். சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடும். சார்ஜரும் வேண்டும் என்றால், ‘கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர்’ என்று கேட்டு வாங்கி ஆக்ஸ் ஒயருக்கு நடுவில் போடலாம்.

சிகரெட் லைட்டர் துளையில் சொருகும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் இரண்டாவது வழி. 88-இல் இருந்து 108 மெகாஹெர்ட்ஸுக்குள் காலியாக இருக்கும் ஓர் எண்ணில் அது ஒரு குட்டி வானொலி நிலையம் நடத்தும். கோயம்புத்தூர் நகருக்குள் காலி எண் கிடைப்பது கஷ்டம், மலையில் சுலபம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் கோத்தகிரி சாலையில் சமவெளியைப் பார்த்த மாதிரி ஒரு திருப்பத்துக்கு வந்தால், கீழே இருக்கும் நிலையங்கள் நேராக வந்து மோதும். நம் பாட்டின் நடுவே ஜவுளிக்கடை விளம்பரம் கேட்கும். அடுத்த திருப்பத்தில் தானே போய்விடும். வேறு வழியே இல்லாத பழைய செட்டுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ப்ளூடூத் மூன்றாவது. ஐபாட் கிளாசிக்கில் ப்ளூடூத்தே கிடையாது. ஐபாட் டச், 2012-இல் வந்த ஏழாம் தலைமுறை நானோ போன்றவற்றில் உண்டு. ப்ளூடூத்தில் சத்தம் ஒரு தடத்தில் வரும், பட்டன் கட்டளைகள் ஏ.வி.ஆர்.சி.பி. என்ற இன்னொரு தடத்தில் போகும். இதன் 1.3 பதிப்பில் இருந்து பாட்டின் பெயர் செட்டில் தெரியும். பட்டியலைச் செட்டில் இருந்தே திறந்து தேடும் வசதி 1.4-இல்தான் வந்தது. செட், கருவி இரண்டும் அதை ஆதரித்தால்தான் வேலை செய்யும். உங்கள் செட்டில் பெயர் தெரிந்தும் பட்டியல் திறக்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். செட் கெட்டுப்போகவில்லை.

நான்காவது யூ.எஸ்.பி. எங்கள் ஊர் ஏற்றத்துக்கு நான் பரிந்துரைப்பது இது ஒன்றைத்தான்.

<b>யூ.எஸ்.பி.யில் ஐபாடு: ஒவ்வொரு படியாக</b>

வண்டியை வீட்டு வாசலில் நிறுத்திவைத்து இதைச் செய்து பாருங்கள்.

1. செட்டின் முகப்பிலோ, கியர் பக்கத்திலோ, கையுறைப் பெட்டிக்குள்ளோ யூ.எஸ்.பி. துளையைத் தேடுங்கள். சில கார்களில் இரண்டு துளை இருக்கும். ஒன்று சார்ஜ் ஏற்ற மட்டும். செட் பக்கம் போகும் துளையில்தான் பாட்டு வரும்.

2. ஒயரைச் சந்தேகப்படுங்கள். சாதாரண யூ.எஸ்.பி. ஒயருக்குள் நான்கு கம்பி. இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. விலை குறைந்த சில ஒயர்களில் தகவல் கம்பி இரண்டும் இருக்காது. ஐபாடு சார்ஜ் ஆகும், செட்டோ ஒன்றும் சொருகாத மாதிரி இருக்கும். அதே ஒயரில் வீட்டுக் கணினியோடு இணைத்துப் பாருங்கள், உண்மை தெரிந்துவிடும். என் வண்டிக்குச் செட் மாட்டிய கடையில் துளையை மட்டும் டேஷ்போர்டில் பொருத்திவிட்டு, பின்னால் சார்ஜ் ஒயரை இழுத்து விட்டிருந்தார்கள். இரண்டு வாரம் நான் ஐபாடைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

3. செட்டை ‘ஆன்’ செய்து, சோர்ஸ் அல்லது மீடியா பட்டனை அழுத்தி ஐபாட் அல்லது யூ.எஸ்.பி. என்று வரும்வரை போங்கள். அவசரப்படாதீர்கள். 160 ஜி.பி. ஐபாட் கிளாசிக்கில் 40,000 பாட்டு வரை ஏற்றலாம் என்று ஆப்பிள் சொன்னது. அதில் பாதி இருந்தாலும் செட் பட்டியலைப் படித்து முடிக்க நேரம் எடுக்கும். சாவி போட்டுச் செட்டை உயிர்ப்பித்துவிட்டு, கண்ணாடியில் படிந்த பனியைத் துடையுங்கள். அதற்குள் படித்திருக்கும்.

4. இப்போது ஐபாடின் திரையில் இணைப்பைக் காட்டும் குறி வந்து, அதன் சக்கரம் வேலை செய்யாமல் போனால் பயப்பட வேண்டாம். ஆட்சி செட்டின் கைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். சில செட்டுகளில் ஆட்சியை ஐபாடுக்கே திருப்பிக் கொடுக்கும் வசதியும் இருக்கும். அது பக்கத்து சீட்டில் ஆள் இருக்கும்போது உதவும்.

5. செட்டில் லிஸ்ட், சர்ச் அல்லது பூதக்கண்ணாடிப் படம் போட்ட பட்டனை அழுத்துங்கள். பிளேலிஸ்ட், ஆர்ட்டிஸ்ட், ஆல்பம், சாங், ஜானர் என்று தலைப்புகள் வரும். திருகைத் திருப்பினால் தலைப்பு நகரும், திருகையே உள்ளே அழுத்தினால் திறக்கும், பேக் பட்டன் ஒரு படி வெளியே கொண்டுவரும்.

6. நீளமான பட்டியலில் திருகை வேகமாகச் சுற்றிப் பாருங்கள். பல செட்டுகளில் ஒரு கட்டத்துக்கு மேல் பாட்டுப் பாட்டாக நகராமல் எழுத்து எழுத்தாகத் தாவும். சிலவற்றில் அதற்குத் தனிப் பட்டன். உங்கள் செட்டில் எது என்று கையேட்டில் பார்த்துவிடுங்கள், ஆறாயிரம் பாட்டு அறுபதாகச் சுருங்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் பெயர்களுக்குப் பதிலாக நான்கெழுத்துக் கிறுக்கல்கள் வரிசையாக வந்தால், உங்கள் செட் ஐபாடை ஐபாடாகப் பார்க்காமல் வெறும் பென்டிரைவாகப் பார்க்கிறது. ஐபாடு தன் பாட்டுகளை ஒரு மறைவான ஃபோல்டருக்குள், நான்கெழுத்துப் பெயர்களாக மாற்றித்தான் வைத்துக்கொள்கிறது. எது எந்தப் பாட்டு என்ற கணக்கு தனியாக இன்னொரு ஃபைலில் இருக்கும். அந்தக் கணக்கைப் படிக்கத் தெரியாத செட்டோடு சண்டை போட்டுப் பயன் இல்லை. பென்டிரைவுக்கு மாறிவிடுங்கள்.

<b>பென்டிரைவு என்றால்</b>

உண்மையைச் சொன்னால், என் வண்டியில் இப்போது இருப்பதும் பென்டிரைவுதான். ஐபாட் கிளாசிக்கை ஆப்பிள் 2014-இலும், கடைசியாக இருந்த ஐபாட் டச்சை 2022-இலும் நிறுத்திவிட்டது. கையில் இருப்பதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

பென்டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். எக்ஸ்ஃபேட், என்.டி.எஃப்.எஸ். இரண்டையும் பழைய செட்டுகள் பெரும்பாலும் படிக்காது. விண்டோஸில் வழக்கமான ஃபார்மேட் ஜன்னல் 32 ஜி.பி. வரைக்கும்தான் ஃபேட்32 காட்டி வந்தது. அதனால் 32 ஜி.பி. அல்லது அதற்குக் குறைவாக வாங்கினால் தலைவலி இல்லை. எம்.பி.3 பாட்டுகளுக்கு அதுவே ஏராளம்.

ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொரு ஃபோல்டர் என்று போகாதீர்கள். ஒரே அடுக்கு. பெயருக்கு முன்னால் 01, 02 என்று இரண்டு இலக்கத்தில் எண் கொடுங்கள். வெறும் 1, 2 என்று போட்டால் 1-க்கு அடுத்து 10, 11 வந்து, அப்புறம்தான் 2 வரும். ஒரு ஃபோல்டரில் இத்தனை ஃபைல்தான் என்று செட்டுக்கு ஒரு வரம்பும் இருக்கும். ஒரே ஃபோல்டரில் ஆயிரம் பாட்டைக் கொட்டி, பாதி வரவில்லை என்று வருந்துகிறவர்கள் கையேட்டில் அந்த எண்ணைப் பார்க்கவும்.

இன்னொரு சூட்சுமம். எண் சரியாகக் கொடுத்தும் பாட்டுகள் தாறுமாறாக ஓடினால், உங்கள் செட் பெயர் வரிசையைப் பார்ப்பதே இல்லை. பென்டிரைவில் எது முதலில் எழுதப்பட்டதோ அதை முதலில் பாடுகிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, 01 ஃபோல்டரை முதலில், 02-ஐ அடுத்து என்று ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். சரியாகிவிடும்.

மேக் கணினியில் ஏற்றினீர்களா? ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில், புள்ளியும் அடிக்கோடும் வைத்துத் தொடங்கும் அதே பெயரில் ஒரு குட்டி ஃபைல் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். மேக் அதைக் கண்ணுக்குக் காட்டாது, செட் காட்டும். ஒரு பாட்டு ஓடும், அடுத்தது ‘படிக்க முடியவில்லை’ என்று சொல்லும், அடுத்தது ஓடும். விண்டோஸ் கணினியில் திறந்து அந்தக் குட்டிகளை எல்லாம் அழித்துவிடுங்கள்.

<b>டேக்: தேடல் ஜெயிப்பதும் தோற்பதும் இங்கேதான்</b>

செட்டில் தெரியும் பாட்டுப் பெயர், ஆர்ட்டிஸ்ட், ஆல்பம் எல்லாம் ஃபைல் பெயரில் இருந்து வருவதில்லை. எம்.பி.3-க்கு உள்ளேயே ஐ.டி.3 டேக் என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கும், அதில் இருந்து வருகிறது. அந்தச் சீட்டில் குப்பை இருந்தால் எவ்வளவு நல்ல செட்டாக இருந்தாலும் குப்பையைத்தான் காட்டும்.

தமிழ்ப் பாட்டுகளின் டேக்குகளைப் போலக் கந்தரகோளம் வேறெங்கும் பார்த்ததில்லை. இணையத்தில் இருந்து வந்த பாட்டுகளில் பாதிக்கு ஆல்பம் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ ஏதோ ஒரு தளத்தின் முகவரி ஒட்டியிருக்கும். சிலவற்றில் பாடியவர் பெயரே அந்த முகவரிதான். முகவரி முன்னால் இருந்தால், எழுத்து வரிசையில் எல்லாப் படங்களும் ‘டபிள்யூ’வுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும். செட்டின் சின்னத் திரையில் முதல் பத்துப் பன்னிரண்டு எழுத்துதான் தெரியும் என்பதால், பட்டியல் முழுவதும் ஒரே பெயர் நூறு தடவை வந்த மாதிரி இருக்கும். இதில் எங்கே தேடுவது!

அடுத்தது ஆங்கில எழுத்துக்கூட்டல். இளையராஜா பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ‘எல்’ ஒன்றா இரண்டா, நடுவில் ‘ஐ’யா ‘ஒய்’யா, கடைசிக்கு முன்னால் ‘ஏ’ ஒன்றா இரண்டா என்பதை வைத்து என் ஐபாடில் அவர் ஐந்து ஆளாக இருந்தார். ஒவ்வோர் ஆளுக்கும் தனித்தனிப் பட்டியல். எஸ்.பி.பி.யோ புள்ளி வைத்து ஒருவர், வைக்காமல் ஒருவர், இடைவெளி விட்டு ஒருவர், முழுப்பெயரில் மூவர். செட்டுக்கு ஒரு புள்ளி மாறினாலும் வேறு ஆள்தான்.

இதைச் சரிசெய்ய எம்.பி.3டேக் என்ற மென்பொருள் போதும். விண்டோஸில் இலவசம். பாட்டுகளை எல்லாம் அதில் இழுத்துப் போட்டால் அட்டவணை மாதிரி விரியும். ஆர்ட்டிஸ்ட் தலைப்பைச் சொடுக்கி வரிசைப்படுத்துங்கள். ஐந்து இளையராஜாக்களும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்பார்கள். ஐவரையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, இடப்பக்கக் கட்டத்தில் ஒரே பெயரை அடித்துச் சேமித்தால் ஒருவராகிவிடுவார். தள முகவரிகளுக்கு, ‘ரிப்ளேஸ்’ வேலையை ஒருமுறை எழுதி வைத்து எல்லாப் பாட்டுக்கும் ஒரே அடியாக ஓடவிடலாம். பெரிய மழை நாளில் மின்சாரம் இருக்கும் ஒரு பிற்பகல் போதும்.

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டும். ஆர்ட்டிஸ்ட் இடத்தில் பாடியவரைப் போடுவதா, இசையமைத்தவரைப் போடுவதா? விதிப்படி பாடியவர்தான். இசையமைப்பாளருக்குக் கம்போஸர் என்று தனி இடம் உண்டு, ஐபாடின் பட்டியலிலும் அது இருக்கிறது. ஆனால் நாம் பாட்டை நினைவு வைத்திருப்பது அப்படியா? “எம்.எஸ்.வி. பாட்டுப் போடு”, “ரஹ்மான் போடு” என்றுதான் வண்டியில் குரல் வரும். கம்போஸர் என்ற தலைப்பையே காட்டாத செட்டுகளும் நிறைய. அதனால் நான் கொஞ்சமும் கூச்சப்படாமல் ஆர்ட்டிஸ்ட் இடத்தில் இசையமைப்பாளரைப் போட்டுவிட்டு, பாடியவர்களைப் பாட்டின் பெயருக்குப் பின்னால் சுருக்கமாகச் சேர்த்துவிட்டேன். சங்கீதம் தெரிந்த நண்பர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் பேசவில்லை. அவர் கர்நாடக சங்கீதம் கேட்பவர், அங்கே பாடியவர்தான் எல்லாம். கச்சேரிகளுக்கு அவர் சொல்வதே சரி.

டேக்கைத் தமிழில் எழுதலாமா? ஐபாடு தமிழைக் காட்டினாலும், செட்டின் திரை காட்டுமா என்பது வேறு கதை. தமிழ் எழுத்துரு இல்லாத செட்டில் வெறும் கட்டங்களோ கேள்விக்குறிகளோதான் வரும். முதலில் ஒரே ஒரு பாட்டுக்குத் தமிழில் எழுதிச் சோதித்துப் பாருங்கள். எம்.பி.3டேக்கின் அமைப்பில் ஐ.டி.3 பதிப்பு 2.3, யூ.டி.எஃப்-16 (எழுத்துகளைச் சேமிக்கும் முறை) என்று தேர்ந்தெடுப்பது நல்லது. 2.4-யூ.டி.எஃப்-8 சேர்க்கையைப் புரிந்துகொள்ளாத செட்டுகள் உண்டு. அப்படியும் கட்டம்தான் என்றால் ஆங்கில எழுத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், வேறு வழியில்லை.

டேக்கை மாற்றிய பிறகும் பழைய பெயரே செட்டில் வந்தால், ஃபைலுக்குள் இரண்டு சீட்டு இருக்கிறது. புதிய சீட்டு ஃபைலின் தலையில் இருக்கும். பழைய முதல் பதிப்புச் சீட்டு வால் பக்கம், கடைசி 128 பைட்டில் இருக்கும். பழைய செட் வாலைத்தான் பார்க்கும். அதில் பாட்டுப் பெயருக்கு 30 எழுத்துதான் இடம் என்பதால் பெயர் பாதியில் அறுந்தும் தெரியும். எம்.பி.3டேக்கில் முதல் பதிப்பையும் சேர்த்து எழுதச் சொல்லிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

கேசட்டில் இருந்து மாற்றிய பாட்டுகளுக்கு டேக்கே இருக்காது. இந்த மலையில் அப்படி நிறைய. நீலகிரியில் வாழும் படுகர்களின் பாட்டுகள் பல ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) இன்னும் பழைய கேசட்டாகவும், யாரோ பதிந்து கொடுத்த சிடியாகவும் கைமாறுகின்றன. கணினியில் ஏற்றினால் ‘டிராக் 01, டிராக் 02, பெயர் தெரியாத பாடகர்’ என்றுதான் வரும். கேசட்டின் ஒரு பக்கம் முழுவதும் அரை மணி நேர ஒரே ஃபைலாகவும் இருக்கலாம். செட்டில் அதற்குள் போய் நான்காவது பாட்டைத் தேட முடியாது. அடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்தால் ஒலி அலை படமாகத் தெரியும். பாட்டுக்குப் பாட்டு நடுவே அலை ஒடுங்கும் இடத்தில் குறி வைத்து, தனித்தனி ஃபைலாக வெளியே எடுக்கலாம். என்ன பாட்டு என்று தெரியாதவற்றுக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் போட்டுக் காட்டினேன். பத்து விநாடிக்குள் பெயர் சொன்னார், யார் கல்யாணத்தில் ஆடியது என்பதையும் சேர்த்து. ஜானர் (பாட்டின் வகை) இடத்தில் ‘படுகு’ என்று ஒரே மாதிரி போட்டு வைத்ததால், இப்போது ஹட்டிக்காரர்கள் யார் வண்டியில் ஏறினாலும் இரண்டு அழுத்தலில் ஆட்டப் பாட்டு வந்துவிடும்.

<b>பாதைக்கு ஒரு பட்டியல்</b>

சாங் என்ற தலைப்பை வண்டி ஓடும்போது திறக்கவே திறக்காதீர்கள். அது கடல். பிளேலிஸ்டோ எண்ணிட்ட ஃபோல்டரோதான் நமக்கு. நான் பட்டியலை மனநிலையை வைத்துப் பிரிப்பதில்லை, சாலையை வைத்துப் பிரிக்கிறேன். 01 மேட்டுப்பாளையம்–குன்னூர், நெரிசல் இல்லாவிட்டால் ஏறக்குறைய ஒரு மணி நேரம், 14 பாட்டு. 02 குன்னூர்–ஊட்டி, 10 பாட்டு. 03 கோத்தகிரி இறக்கம். கோடை சீசனில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழிப் பாதை ஆக்குவார்கள், அப்போது இந்த வரிசை அப்படியே பொருந்தும். 04 கல்லட்டி, ஊட்டியில் இருந்து மசினகுடிக்கு இறங்கும் பாதை. அங்கே 36 கொண்டை ஊசி வளைவு. அதில் சொற்கள் இல்லாத புல்லாங்குழலும் வீணையும் மட்டும், சத்தமும் ஒரு புள்ளிதான். வளைவுக்கு அந்தப் பக்கம் அடிக்கும் ஹாரன் கேட்க வேண்டாமா? இறங்கும்போது ஏறி வருகிற வண்டிக்கு வழிவிட வேண்டியதும் நாம்தான். 05 படுகு. 06 சித்தப்பா.

ஐபாடில் பிளேலிஸ்டுக்கும் இதேபோல எண்ணை முன்னால் வைத்தால் வரிசை குலையாது. கிளம்புமுன் பட்டியலைத் திறந்து, முதல் பாட்டு ஓட ஆரம்பித்ததும், வரிசையைக் கலைத்துப் போடும் ஷஃபிள் அணைந்திருக்கிறதா என்று ஒரு பார்வை. பல செட்டுகளில் 1, 2 எண் பட்டன்கள் பாட்டு ஓடும்போது முந்தைய, அடுத்த ஃபோல்டராக மாறும். உங்கள் செட்டில் அப்படி என்றால் அந்த இரண்டில் விரலைப் பழக்குங்கள், கண் தேவைப்படாது. ஸ்டீயரிங்கில் பட்டன் இருந்தால் இன்னும் நல்லது. வேறு பட்டியலைத் தேடத்தான் வேண்டும் என்றால், கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே இருக்கும் பர்லியாறில் நிறுத்துங்கள். டீ கிடைக்கும், பழக்கடைகள் இருக்கும். வண்டிக் கண்ணாடியை மட்டும் ஏற்றிவிடுங்கள். குரங்குக்கு ஐபாடு, ஆரஞ்சு என்ற பேதம் கிடையாது.

<b>குளிர் விஷயம்</b>

ஐபாட் கிளாசிக்குக்குள் சுழலும் ஹார்டு டிஸ்க் இருக்கிறது. 3000 மீட்டர் உயரம் வரை, 0-இல் இருந்து 35 டிகிரி செல்சியஸ் வரை இயங்கும் என்று ஆப்பிள் சொல்லியிருந்தது. நீலகிரியின் மிக உயரமான சிகரமான தொட்டபெட்டாவே 2637 மீட்டர்தான் என்பதால் உயரம் பிரச்சினை இல்லை. குளிர்தான் பிரச்சினை. டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பள்ளங்களில் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படியும் இரவில், ஐபாடை வண்டிக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பேட்டரி சோர்ந்துவிடும், உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றுவதும் அதற்குக் கெடுதி. சில்லென்று இருக்கும் கருவியைக் கொண்டுவந்து அடுப்படிச் சூட்டில் வைத்தால் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். ஒரு துணியில் சுற்றி, மெதுவாக அறைச் சூட்டுக்கு வந்த பிறகு போடுங்கள். பென்டிரைவுக்குச் சுழலும் பாகமும் இல்லை, பேட்டரியும் இல்லை. அது பாட்டுக்கு வண்டியிலேயே கிடக்கும்.

கடைசியாக ஒரு காகித வேலை. ஃபோல்டர் எண்களையும் பெயர்களையும் தமிழில் ஒரு சீட்டில் எழுதி, பக்கத்து சீட்டுக்கு மேலே இருக்கும் வெயில் மறைப்பில் ஒட்டிவிட்டேன். இப்போது யாரும் “அந்தப் பழைய பாட்டு” என்று கேட்பதில்லை, “ஆறு போடு” என்கிறார்கள். பத்து வரிதான் எழுதியிருந்தேன். போன வாரம் பார்த்தால் கீழே பால்பாயிண்ட் பேனாவில், சித்தப்பாவின் சாய்ந்த கையெழுத்தில் பதினோராவது வரி ஒன்று சேர்ந்திருக்கிறது. அதில் நான்கு பாட்டு. இரண்டு கிடைத்துவிட்டன, மீதி இரண்டுக்குப் பல்லவியில் பாதிதான் எழுதியிருக்கிறார்.